அப்லோட் பட்டனுக்குப் பின்னாடி யாரு வேலை செய்யறாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

ஆர்டுவினோ போர்டு ஒண்ணு வாங்கி, எல்.இ.டி.யை மினுக்க வெச்சு, ரெண்டு மூணு சென்சார் மாட்டிப் பார்த்துட்டீங்க. அடுத்ததா நிஜமாவே பயன்படற ஒரு கருவியைச் செஞ்சு இன்னொருத்தர் கையில கொடுக்கணும்னு ஆசை வந்துடுச்சு. அந்த இடத்துல நிக்கிறவங்களுக்குத்தான் இன்னைக்கு எபிசோடு.

ஒரு உதாரணம் வெச்சுக்கலாம். மாடியில இருக்கற தண்ணி டேங்க்ல மட்டத்தைப் பார்த்து மோட்டாரை ஆன், ஆஃப் பண்ற கருவி. 20 எண்ணம் செஞ்சு கொடுத்திருக்கீங்க. நாலு மாசமா ஒழுங்கா ஓடுது. திடீர்னு சேலத்துல இருந்து போன். இடி விழுந்து ஒரு போர்டு போயிடுச்சு. அங்கேயே ஒரு எலெக்ட்ரீஷியன் அண்ணன் இருக்காரு, புது போர்டும் வாங்கிட்டாரு, கையில லேப்டாப்பும் இருக்கு. "தம்பி, உள்ள புரோகிராமை எப்படி ஏத்தறது?"னு கேக்கறாரு.

இப்ப என்ன சொல்வீங்க? "அண்ணே, ஆர்டுவினோ ஐ.டி.இ. இன்ஸ்டால் பண்ணுங்க, இந்த மூணு லைப்ரரியைச் சேருங்க, நான் அனுப்பற கோடைத் திறங்க, அப்லோட் பட்டனை அழுத்துங்க"ன்னா? அது நடக்கலாம். ஆனா அவர் இன்ஸ்டால் பண்றப்போ லைப்ரரியோட புதுப் பதிப்பு வந்திருக்கும். கோடு அதேதான். ஆனா அதுல இருந்து உருவாகிற மெஷின் கோடு வேற. நாலு மாசம் ஓடி நிரூபிச்ச புரோகிராம் மத்த 19 போர்டுலயும் இருக்கு. சேலத்துல மட்டும் யாருமே சோதிக்காத ஒண்ணு ஓடும். மோட்டார் ஓயாம ஓடி டேங்க் வழிஞ்சா, தப்பு எங்கேன்னு தேடறதுக்குள்ள உயிர் போயிடும்.

இன்னைக்கு நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். கம்பைல் பண்றது ஒரு வேலை. போர்டுல ஏத்தறது வேற வேலை. அப்லோட் பட்டன் ரெண்டையும் ஒட்டி வெச்சிருக்கு. கருவி உங்க மேசையைத் தாண்டிப் போற நாள்ல இருந்து அதைப் பிரிச்சாகணும்.

பட்டனை அழுத்தினா என்ன நடக்குது?

ஆர்டுவினோ ஊனோவையே எடுத்துக்குவோம். அதுல இருக்கற சிப் ஏடிமெகா328பி. புரோகிராமுக்கு 32 கேபி ஃப்ளாஷ், ஓடும்போது பயன்படுத்த 2 கேபி ராம், கரெண்ட் போனாலும் மறக்காம வெச்சுக்க 1 கேபி ஈப்ராம். (புதுசா வந்த ஊனோ ஆர்4-ல சிப்பே வேற. இன்னைக்கு அதைப் பத்திப் பேசலை.)

பட்டனை அழுத்தினதும் முதல்ல கம்பைலர் உங்க கோடையும் லைப்ரரிகளையும் சேர்த்து மெஷின் கோடா மாத்தி ஒரு ஹெக்ஸ் ஃபைல் எழுதும். ஐ.டி.இ.யோட வேலை கிட்டத்தட்ட அங்கேயே முடிஞ்சது. அதுக்கப்புறம் அது ஏவிஆர்டியூட்னு ஒரு தனி புரோகிராமைக் கூப்பிட்டு, "இந்த ஃபைலை அந்த போர்டுல ஏத்து"னு சொல்லும்.

இந்த ஏவிஆர்டியூட் ஆர்டுவினோவுக்காக எழுதினது இல்லை. பிரையன் டீன்ங்கறவர் ஃப்ரீபிஎஸ்டி கம்ப்யூட்டர்ல பயன்படுத்த எழுதினது. முதல்ல அதுக்குப் பேரு ஏவிஆர்ப்ராக். சிப்பைச் செஞ்ச அட்மெல் கம்பெனிகிட்டயும் விண்டோஸுக்கு அதே பேர்ல ஒரு மென்பொருள் இருந்ததால பேரை மாத்தினாங்க. இத்தாலியில 2005-ல பிறந்த ஆர்டுவினோ இதை எடுத்துத் தன் பட்டனுக்குப் பின்னாடி வெச்சுக்கிச்சு.

இதை உங்க கண்ணாலயே பார்க்கலாம். ஐ.டி.இ.யில ஃபைல் மெனு, ப்ரிஃபரன்ஸஸ் போங்க. வெர்போஸ் அவுட்புட்னு இருக்கும், அதுல அப்லோடுக்கு டிக் போடுங்க. அடுத்த தடவை அப்லோட் பண்றப்போ கீழே நீளமா ஒரு கட்டளை ஓடும். அதுதான் ஏவிஆர்டியூடைக் கூப்பிட்ட கட்டளை. அப்படியே காப்பி பண்ணி டெர்மினல்ல ஒட்டினா ஐ.டி.இ. இல்லாமலே வேலை செய்யும்.

ஹெக்ஸ் ஃபைல்ல என்ன இருக்கு?

இன்டெல் ஹெக்ஸ்னு பேரு. நோட்பேட்ல திறந்தா படிக்கலாம். ஒவ்வொரு வரியும் ஒரு கோலன்ல ஆரம்பிக்கும். அடுத்து இந்த வரியில எத்தனை பைட், எந்த முகவரியில போய் உக்காரணும், இது என்ன வகை வரி, அப்புறம் டேட்டா, கடைசியா ஒரு பைட் சரிபார்ப்புக்கு.

அந்தக் கடைசி பைட் அழகான ஏற்பாடு. வரியில இருக்கற எல்லா பைட்டையும் அதோட சேர்த்துக் கூட்டினா, கடைசி ரெண்டு இலக்கம் பூஜ்யமா வரணும். வரலைன்னா வழியில எங்கேயோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். ஃபைலோட கடைசி வரியைப் பாருங்க: கோலன், ஏழு பூஜ்யம், ஒரு ஒண்ணு, அப்புறம் எஃப் எஃப். ஒண்ணையும் எஃப் எஃப்பையும் ஹெக்ஸ்ல கூட்டினா நூறு. கடைசி ரெண்டு இலக்கம் பூஜ்யம். சரியா வந்துச்சா? "ஃபைல் முடிஞ்சது"னு சொல்ற வரி அது.

இந்த ஃபைல்ல லைப்ரரி பதிப்புச் சண்டை எதுவும் கிடையாது. கம்பைல் ஆகி முடிஞ்ச சமையல். யார் எங்கே ஏத்தினாலும் அதே பைட்டுகள்தான் போகும். ஸ்கெட்ச் மெனுவுல எக்ஸ்போர்ட் கம்பைல்டு பைனரின்னு கொடுத்தா உங்க ஸ்கெட்ச் ஃபோல்டர்லயே வந்து உக்காரும். பேர்ல 'வித் பூட்லோடர்'னு இன்னொண்ணும் இருக்கும். யூஎஸ்பி வழியா ஏத்தறதுக்கு அது வேண்டாம், சாதா ஃபைல் போதும்.

போர்டு எப்படி வாங்கிக்குது?

சிப்புக்கு யூஎஸ்பி தெரியாது. போர்டுல இருக்கற இன்னொரு சின்ன சிப் யூஎஸ்பியை சீரியலா மாத்திக் கொடுக்குது. ரிச்சி ஸ்ட்ரீட்ல விலை குறைச்சலா கிடைக்கற போர்டுகள்ல பெரும்பாலும் அது சிஎச்340.

ஏவிஆர்டியூட் போர்ட்டைத் திறந்ததும் டிடிஆர்ங்கற லைன் கீழே இறங்கும். நடுவுல இருக்கற 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியா அது ஒரு சின்னத் தட்டு தட்டும், சிப் ரீசெட் ஆகும். எழுந்ததும் முதல்ல ஓடறது பூட்லோடர். ஃப்ளாஷோட கடைசி 512 பைட்ல குடியிருக்கற குட்டி புரோகிராம். ஐ.டி.இ. "அதிகபட்சம் 32256 பைட்"னு சொல்லுதே, 32768-ல இந்த 512 போன மிச்சம்தான் அது.

பூட்லோடர் சுமார் ஒரு வினாடி காத்திருந்து, "யாராவது கூப்பிடறாங்களா?"னு கேக்கும். ஏவிஆர்டியூட் கூப்பிட்டா பதில் சொல்லும், 128 பைட் பக்கம் பக்கமா வாங்கி ஃப்ளாஷ்ல எழுதும். யாரும் கூப்பிடலைன்னா உங்க புரோகிராமை ஓட விட்டுட்டு ஒதுங்கிடும். எழுதி முடிச்சதும் ஏவிஆர்டியூட் எல்லாத்தையும் திரும்பப் படிச்சு ஃபைலோட ஒப்பிட்டுப் பார்க்கும். சரியா இருந்தா கடைசியில நன்றி கூட சொல்லும்!

கட்டளையை உடைச்சுப் பார்ப்போம்

மைனஸ் போட்டு எழுத்து எழுத்தா வரும். மைனஸ் சி, எந்த வழியா ஏத்தறோம், நமக்கு ஆர்டுவினோ. அடுத்து மூணு 'பி' வரும், தமிழ்ல சொன்னா குழப்பம்தான், கவனமா கேளுங்க. பார்ட்ங்கறதோட சின்ன பி, எந்த சிப், நமக்கு எம்328பி. போர்ட்ங்கறதோட பெரிய பி. விண்டோஸ்ல காம்3, காம்4 மாதிரி வரும். பாட் ரேட்ங்கறதோட பி, வேகம், ஊனோவுக்கு 115200. கடைசியா பெரிய யூ, அதுதான் உண்மையான வேலை: ஃப்ளாஷ், கோலன், எழுதறதுக்கு டபிள்யூ, கோலன், ஃபைல் பேரு, கோலன், இன்டெல் ஹெக்ஸ்ங்கறதுக்கு ஐ.

அந்தப் பெரிய யூவையே விட்டுட்டு ஓட்டினா என்ன ஆகும்? எதையும் எழுதாது. சிப்பைக் கூப்பிட்டு அதோட கையெழுத்தை மட்டும் கேட்டுட்டு வந்துடும். லைன் சரியா இருக்கான்னு பார்க்க இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

டபிள்யூக்குப் பதிலா ஆர் போட்டா, போர்டுல இருக்கறதைப் படிச்சு ஃபைலா கொடுக்கும். பழைய கருவி மேல புதுசா எழுதறதுக்கு முன்னாடி ஒரு பேக்கப் எடுத்து வெச்சுக்கலாம். உங்க கோடு திரும்ப வராது, மெஷின் கோடுதான் வரும். ஆனா அதே சிப் இருக்கற இன்னொரு போர்டுல ஏத்த அது போதும். தயாரிச்சவங்க லாக் பிட் போட்டிருந்தா வெளியில இருந்து படிக்க விடாது.

இப்ப சேலம் அண்ணனுக்குத் திரும்ப வருவோம். அவருக்கு அனுப்ப வேண்டியது ஒரே ஒரு ஜிப். உள்ள ஏவிஆர்டியூட், அதோட கான்ஃபிக் ஃபைல், நீங்க சோதிச்ச அதே ஹெக்ஸ், கட்டளையை எழுதி வெச்ச ஒரு பேட்ச் ஃபைல். போர்ட் நம்பரை மட்டும் அது கேட்டு வாங்கிக்கற மாதிரி எழுதிடுங்க. டபுள் கிளிக், முடிஞ்சது. வேலை முடிஞ்சா ஏவிஆர்டியூட் பூஜ்யத்தைத் திருப்பிக் கொடுக்கும், தோத்தா வேற எண். அதை வெச்சுப் பேட்ச் ஃபைலே "சரி", "தப்பு"னு பெரிய எழுத்துல காட்டலாம்.

எங்கே இடறும்?

போர்ட்டே தெரியலையா? முதல்ல கேபிளைச் சந்தேகப்படுங்க. சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிள்ல டேட்டா கம்பியே இருக்காது. அடுத்து சிஎச்340 டிரைவர். லினக்ஸ்ல அனுமதி இல்லைன்னு வந்தா, நிறைய டிஸ்ட்ரோக்கள்ல உங்க யூசரை டயல்அவுட் குரூப்ல சேர்த்து, லாக்அவுட் பண்ணிட்டு வரணும். போர்ட் பிஸின்னு வந்தா எங்கேயோ சீரியல் மானிட்டர் திறந்திருக்கு.

அதிகமா வர்ற பிழை "நாட் இன் சிங்க்". கூப்பிட்டேன், பதில் வரலைன்னு அர்த்தம். பழைய பூட்லோடர் இருக்கற நேனோ போர்டுன்னா வேகத்தை 57600-க்கு இறக்கிப் பாருங்க. 0, 1 நம்பர் பின்ல ப்ளூடூத் மாட்யூல் மாதிரி ஏதாவது மாட்டியிருந்தா கழட்டிடுங்க. ஏத்தற வேலையும் அதே பின்ல தான் நடக்குது, ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா யாருக்கும் எதுவும் கேக்காது.

கவனமா இருக்க வேண்டிய ரெண்டு இடம்

பூட்லோடர் இல்லாமலும் ஏத்தலாம். போர்டுல இருக்கற ஆறு பின் ஹெடர்ல யூஎஸ்பிஏஎஸ்பி மாதிரி ஒரு புரோகிராமரை மாட்டி நேரா சிப்புக்குள்ள எழுதறது. ஐஎஸ்பின்னு சொல்வாங்க. இங்கேதான் உண்மையான ஆபத்து.

முதல் ஆபத்து ஈப்ராம். ஐஎஸ்பி வழியா எழுதறப்போ முதல்ல சிப் முழுக்க அழியும். ஊனோவோட வழக்கமான அமைப்புல ஈப்ராமும் சேர்ந்து போயிடும். ஒரு எடை மெஷினோட அளவுத் திருத்தத்தை அதுல சேமிச்சிருந்தீங்கன்னா, புரோகிராம் சரியா ஏறியும் எடை தப்பாக் காட்டும். அதனால முதல்ல ஈப்ராமைப் படிச்சு ஒரு ஃபைல்ல வெச்சுக்கோங்க. இல்லைன்னா ஈசேவ்ங்கற ஃபியூஸை அமைச்சுக்கோங்க. யூஎஸ்பி வழியா பூட்லோடர் மூலமா ஏத்தறப்போ இந்தத் தொல்லை இல்லை.

ரெண்டாவது அந்த ஃபியூஸ் பிட்டுகளேதான். க்ளாக் எங்கே இருந்து வருது, ரீசெட் பின் வேலை செய்யணுமா, இதெல்லாம் அங்கே இருக்கு. அதுல பூஜ்யம்னா ஆன், ஒண்ணுன்னா ஆஃப். நம்ம வழக்கத்துக்கு நேர் தலைகீழ். ரீசெட்டை அணைச்சுட்டா ஐஎஸ்பியும் உள்ள நுழைய முடியாது. அப்புறம் 12 வோல்ட் கொடுக்கற தனி புரோகிராமர் வேணும். என்ன செய்றோம்னு டேட்டாஷீட்டைப் பார்த்து உறுதி பண்ணாம ஃபியூஸைத் தொடாதீங்க.

வேற போர்டுன்னா?

கருவி மாறும், யோசனை மாறாது. இஎஸ்பி32, இஎஸ்பி8266-க்கு எஸ்ப்டூல். ராஸ்பெர்ரி பை பிக்கோவுல இன்னும் எளிசு: பூட்செல் பட்டனை அழுத்திக்கிட்டே மாட்டினா பென் டிரைவ் மாதிரி தெரியும், யூஎஃப்2 ஃபைலை அதுல இழுத்துப் போட்டா போதும். எதுவா இருந்தாலும் கேள்வி ஒண்ணுதான்: நான் சோதிச்ச அதே ஃபைல்தானா அந்த போர்டுல போகுது?

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. நீங்க செஞ்ச ஒரு புராஜெக்டோட ஹெக்ஸை எக்ஸ்போர்ட் பண்ணுங்க. பேர்ல தேதியும் பதிப்பு எண்ணும் சேருங்க. ஐ.டி.இ.யை மூடிட்டு, டெர்மினல்ல இருந்து மட்டும் ஏத்துங்க. அப்புறம் ஐ.டி.இ.யே இல்லாத நண்பரோட லேப்டாப்புல அதையே செஞ்சு பாருங்க. அங்கேயும் எல்.இ.டி. மினுக்கிச்சுன்னா, உங்க கருவி ஊர் தாண்டிப் போகத் தயார்.

சந்தேகம் இருந்தா குரல் பதிவா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசலாம்.