தெருவிளக்கின் கதை

கண்டி நகரை அடுத்து, கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வழியில் மஹய்யாவ இருக்கின்றது. நகரைத் துப்புரவு செய்யும் மாநகரசபைத் தொழிலாளர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடம் அது. ஊர் உறங்கும் வேளையில் துடைப்பமும் கையுமாகப் புறப்படும் தொழிலாளிக்குத் தெருவிளக்கே துணை. ஆதலின் அவ்விளக்கின் வரலாற்றை நேயர்கள் அறிந்துகொள்வது பயனுடைத்து.

1880ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் இரவு, அமெரிக்காவிலுள்ள வபாஷ் என்னும் சிற்றூரின் நீதிமன்றக் கட்டடத்து உச்சியில் நான்கு மின்வில் விளக்குகள் ஏற்றப்பெற்றன. பின்னர் இழைக்குமிழ்கள் தெருக்களுக்கு வந்தன. ஆனால் அவை உண்ட மின்சாரத்திற் பெரும்பகுதி வெப்பமாகவே கழிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கடைத்தெருக்களிற் பாதரச ஆவி விளக்குகள் பெருகின. அதே மின்சாரத்தில் அவை ஏறத்தாழ மும்மடங்கு ஒளி தந்தன. பல்லாயிரம் மணி நேரம் எரிந்தன. எனினும் அவற்றின் நீலப்பச்சை ஒளியில் மனித முகம் வெளிறித் தோன்றியது. 1960களில் பொன்னிற ஒளி தரும் உயரழுத்தச் சோடிய விளக்கு வந்தது. இந்நாளில் எல்.ஈ.டி. விளக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்துவருகின்றன.

விளக்கு எவ்வகையினதாயினும் அதற்கு மின்சாரம் வேண்டுமன்றோ? மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950ஆம் ஆண்டில். இடையிற் கழிந்தவை 32 ஆண்டுகள். 1953இல் மறைந்த அப்பெரியார் தம் கனவு நனவானதைக் கண்ணாரக் கண்டார்.

விளக்கொளிக்கு ஓர் இயல்பு உண்டு. தொலைவு இருமடங்கானால் ஒளி காற்பங்காகக் குறையும். அகன்ற நேர்ச்சாலையில் உயர்ந்த கம்பங்களை இடைவிட்டு நாட்டினாலும் போதும். ஆயின் வளைவும் படிக்கட்டும் நிறைந்த மலைச்சந்தில் ஒரு வீட்டின் மூலையே ஒளியை மறைத்துவிடும். அங்கே சிறிய விளக்குகள் நெருக்கமாக இருத்தல் வேண்டும்.

கடைத்தெருவுக்கு வணிகரும் வாகனங்களும் ஒளி கேட்பர். அது விரைவிற் கிடைக்கும். சந்துக்கு ஒளி கேட்பவர் குரல் மெலிந்தது. ஆகவே ஒரு நகரின் விளக்குகளை மதிப்பிட விரும்புவோர், முன்னிரவிற் கடைவீதியைப் பார்த்துத் திரும்பிவிடாமல், விடியுமுன் துப்புரவுத் தொழிலாளி தன் வீட்டுப் படியிலிருந்து இறங்கிவரும் வழியையும் பார்த்தல் வேண்டும். தெருவைத் தூய்மை செய்பவர் கால் இடறாமல் தெருவை அடைதலே அந்நகருக்கு அழகு.