சாவிக்குள்ளே ஒரு சாவி

(‘கருவிகள் பெருகியதால் மனிதன் நிம்மதி பெற்றானா, இழந்தானா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘பெற்றான்’ என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கதை சொன்னாங்க. கல்யாண மண்டபத்து வாசல்ல கார் நிக்குது. மாப்பிள்ளை மோதிரம் காருக்குள்ளே. சாவியில இருக்கிற பட்டனை அமுக்குறாங்க, அமுக்குறாங்க, கதவு திறக்கல. முகூர்த்தம் நெருங்குது. “இதுதானா உங்கள் கருவி தந்த நிம்மதி?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல கதை. ஆனால் பாதிக் கதைதான் மேடைக்கு வந்தது நடுவர் அவர்களே. மீதிப் பாதி அந்தச் சாவிக்குள்ளேயே இருந்தது!

முதலில் ஒன்றைக் கேட்கிறேன். அந்தச் சாவி அன்றைக்குக் காலையில் திடீரென்று செத்துப்போச்சா? பெரும்பாலும் அப்படிச் சாவதில்லை. பேட்டரி சக்தி குறையக் குறைய, சாவி நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இருபதடி தூரத்தில் திறந்த கதவு, பத்தடிக்கு வந்தால்தான் திறக்கும். அப்புறம் பக்கத்திலேயே வந்து நிற்கணும். ஒரு தடவை அமுக்கினது போய் நாலு தடவை அமுக்கணும்.

திருமறைக்காட்டுக் கதவு உங்களுக்கெல்லாம் தெரியும். அடைத்துக் கிடந்த கதவைத் திறக்க அப்பர் பெருமான் ஒரு பதிகமே பாட வேண்டியிருந்தது. அதை மூடச் சம்பந்தப் பெருமானுக்கு முதல் பாட்டே போதுமானதாக இருந்தது. அங்கே நடந்தது இறைவன் திருவிளையாடல். நம்ம கார் கதவு பதிகம் கேட்க ஆரம்பிச்சா, அது திருவிளையாடல் இல்லீங்க, பேட்டரி! (சிரிப்பு, கைதட்டல்)

பல கார்களில் கண்ணுக்கு முன்னாலேயே, வேகம் காட்டுகிற பலகையில், ‘சாவியின் பேட்டரி குறைவு’ என்று எழுத்தே வரும். நாம என்ன பண்றோம்? வீட்டு அம்மா சொல்ற பேச்சு மாதிரி, காதில் விழுந்தும் விழாத மாதிரி ஓட்டிட்டுப் போறோம். (சிரிப்பு) எங்க வீட்டில் இதைப் பார்த்துக்கிட்டிருக்காங்க. இதோட நிறுத்திக்கிறேன்.

என் பாட்டி இடுப்பில் ஒரு சாவிக்கொத்து இருக்கும். பத்தாயத்துப் பூட்டு லேசா இறுகினா போதும், கோழியிறகை எண்ணெயில் நனைச்சு உள்ளே விடுவா. பூட்டு கேட்கிறதுக்கு முன்னாலேயே வைத்தியம் நடந்துடும். அந்தக் கிழவிக்குத் தன் பூட்டைத் தெரியும். நமக்கு நம்ம சாவியைத் தெரியல. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, பேட்டரி முழுசாப் போயே போச்சு. இப்போ என்ன?

பட்டனை அமுக்கி வண்டியைக் கிளப்புகிற கார்களின் சாவியை எடுத்துப் பாருங்க. ஓரத்தில் சின்னதா ஒரு தாழ் இருக்கும். அதைத் தள்ளிக்கொண்டு இழுத்தால், உள்ளேயிருந்து இரும்புச் சாவி ஒன்று வரும். கர்ப்பத்தில் குழந்தை மாதிரி, சாவிக்குள்ளே ஒரு சாவி! ஓட்டுநர் கதவில் அதற்கு ஒரு துவாரம் உண்டு. சில கார்களில் கைப்பிடிப் பக்கம் ஒரு மூடி போட்டு மறைத்திருப்பான். திறந்ததும் சில வண்டிகள் ஊரைக் கூட்டி அலறும். பயப்பட வேண்டாம், வண்டி கிளம்பினால் வாயை மூடிக்கொள்ளும்.

எதிரணி நண்பர் சிரிக்கிறார். “கதவு திறந்துட்டுது. செத்த சாவியை வச்சு வண்டியை எப்படிய்யா கிளப்புவே?” என்பது அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

சொல்றேன். சென்னை மெட்ரோ ரயிலில் பயண அட்டையைக் காட்டுறீங்களே, அந்த அட்டைக்குள்ளே பேட்டரி இருக்கா? இல்லை. வாசலில் இருக்கிற கருவிதான் பக்கத்தில் வந்த அட்டைக்கு ஒரு துளி மின்சாரத்தைக் கம்பியில்லாமலேயே ஊட்டுகிறது. அந்தத் துளியை வைத்து அட்டை தன் அடையாளத்தைச் சொல்லுகிறது. கார் சாவிக்குள்ளேயும் அப்படி ஒரு சில்லு இருக்கிறது. பல கார்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியை அந்த ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்து அமுக்கினால் போதும், வண்டி கிளம்பும். சில கார்களில் சாவியை வைக்கத் தனி இடம் இருக்கும். எந்த இடம் என்பது காரோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தை யார் படித்தோம்? கார் கொடுக்கிற அன்றைக்கு மாலை போட்டாங்க, கேக் வெட்டினாங்க, ஆள் உயரத்துக்கு அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தாங்க. எங்க குடும்பத்துக்கும் எடுத்தாங்க. ஆள் உயரச் சாவியைக் காட்டின அந்தக் கடையில், உள்ளே இருக்கிற விரல் நீளச் சாவியைக் காட்ட ஒருவரும் இல்லை! (கைதட்டல்)

எங்கள் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நடுராத்திரி. பெரியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி. 108க்குப் போன் போட்டாச்சு, வர நேரமாகுது. மகன் அவரைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கிட்டான். சாவியை அமுக்குறான், கார் திறக்கல. படிச்சது இன்ஜினியரிங். கை நடுங்குது. வாட்ச்மேன் ஓடி வந்தார். எட்டாங்கிளாஸ் படிச்ச மனுஷர். பகலில் அங்கே நிற்கிற கார்களைக் கழுவுகிறவர். “குடுங்க தம்பி” என்று வாங்கி, தாழைத் தள்ளி, உள்சாவியை உருவி, கதவைத் திறந்து, “பிரேக்கை மிதிங்க, சாவியை பட்டன்ல ஒட்டுங்க” என்றார். வண்டி கிளம்பிச்சு. பெரியவர் இப்போ மார்கழிக் குளிரிலும் நடைப்பயிற்சி போகிறார். அந்தக் கருவி அன்றைக்குக் கைவிட்டதா நடுவர் அவர்களே? அது தன்னிடம் இருந்த கடைசி வழியையும் வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் காத்திருந்தது. கேட்கத் தெரிந்தவர் ஒருவர்தான் வந்தார்.

பேட்டரி மாற்றுவதும் பெரிய வித்தையில்லை. நிறைய சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032. எண்ணைப் பார்த்து மிரளாதீங்க. 20 என்றால் குறுக்களவு 20 மில்லிமீட்டர், 32 என்றால் கனம் 3.2 மில்லிமீட்டர். 3 வோல்ட். 2025 வாங்கினால் கனம் குறைவு, சரியாகப் பொருந்தாது. பழசைக் கழற்றும்போதே எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து வைங்க. புதுசு போட்டும் வேலை செய்யலையா? பீரோவில் தூங்குகிற இரண்டாவது சாவியை எடுத்து அமுக்குங்க. அது திறந்தால் குறை முதல் சாவியில். இரண்டுமே திறக்கலைன்னா காரின் பெரிய பேட்டரியைப் பாருங்க.

இப்போ ஒன்று சொல்லப்போறேன். இதற்குச் சிரிக்க வேண்டாம். எதிரணியினர் இதைச் சொல்லியிருந்தால் நானே எழுந்து நின்று கை தட்டியிருப்பேன். அவர்கள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கழற்றிய அந்தப் பழைய பேட்டரியை எங்கே வைக்கிறீங்க? மேசை மேல். மிட்டாய் மாதிரி பளபளவென்று இருக்கும். சின்னக் குழந்தை எடுத்து வாயில் போட்டால், அது உணவுக்குழாயில் சிக்கி, 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். கார் சாவிக்குச் சக்தியில்லை என்று நாம் கழற்றிய பேட்டரிக்கும், குழந்தையின் தொண்டையைச் சுடுகிற சக்தி இருக்கிறது. இதற்காகவே அமெரிக்காவில் 2022-இல் தனிச் சட்டம் போட்டார்கள். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்காமல், நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பழைய பேட்டரியின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்க. தாய்மார்கள் மட்டுமல்ல, அப்பாக்களும் கேளுங்க. பெரும்பாலும் மேசை மேல் போடுவது நாமதான்.

நடுவர் மணி மேல் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு விண்ணப்பம். எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் கார் வைத்திருக்கிறார், எனக்குத் தெரியும். சாவி சட்டைப் பையில்தான் இருக்கிறது. மேடைக்கு வந்ததும், பேசுவதற்கு முன்னால், அதற்குள்ளே இருக்கிற சாவியை உருவி உங்கள் எல்லோருக்கும் காட்டட்டும். காட்டிவிட்டால் நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்த அணிக்கே போய் உட்கார்ந்துவிடுகிறேன். (சிரிப்பு) பாருங்க, இப்பவே பையைத் தடவுகிறார்! (பலத்த கைதட்டல்)