பட்டியலை நாமே எழுதுவோம்

(பல் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொட்டால் தீட்டு என்று சொன்ன சமூகம் இது. பல் மருத்துவர் வேலை என்ன? அடுத்தவர் வாய்க்குள் கையை விட்டு வைத்தியம் பார்ப்பது. தெருவில் நடக்கக்கூடாது என்றவனும் வலி வந்தால் வாயைத் திறந்துகிட்டு உட்கார்ந்துதான் ஆகணும். அந்த நாற்காலி பக்கத்தில் நம்ம பொண்ணு மருத்துவராக நிற்க ஐந்து வருசம் ஆகும். நாலு வருசம் படிப்பு, ஒரு வருசம் பயிற்சி. அந்த ஐந்து வருசம் எந்தக் கல்லூரியில் என்பதை, கலந்தாய்வுக்கு நாம் கொடுக்கிற விருப்பப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது.

பல வீடுகளில் அந்தப் பட்டியலை நாம எழுதுறதில்லை. கம்ப்யூட்டர் சென்டர்காரர் எழுதுறார். இல்லாட்டி, "உங்க ஆளுங்களுக்குத்தான் கோட்டா இருக்கே, கிடைச்சதை எடுத்துக்கோ" என்று எவராவது சொன்னதைக் கேட்டு எழுதுறோம். இதை மாற்றியாக வேண்டும்.

முதலில் உரிமையைத் தெரிஞ்சுக்குங்க. மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு. அதில் தாழ்த்தப்பட்டோருக்கு 18. அதற்குள் 2009 சட்டப்படி அருந்ததியருக்கு 3. பழங்குடியினருக்கு 1. மீதி 31 'ஓ.சி.' என்றால் முன்னேறிய சாதிக்கு எழுதி வச்ச சொத்து என்று நம்ப வைத்திருக்கிறார்கள். பச்சைப் பொய். அது பொதுப்போட்டி. மதிப்பெண் இருந்தால் நம்ம பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு. 18 என்பது நாம் ஏறி நிற்கும் தளம், தலைக்கு மேலே போட்ட கூரை இல்லை.

இந்த உரிமை சும்மா வந்ததில்லை. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை கல்லூரி இடங்களைப் பங்கிட்டுத் தந்தது. 1951இல் உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றது. பெரியார் தலைமையில் தமிழகம் கொதித்தது. அதே ஆண்டு அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டு 15(4) பிரிவு வந்தது. அப்போது சட்ட அமைச்சர் அண்ணல் அம்பேத்கர்.

இனி பட்டியலுக்கு வருவோம். முதலில் அரசுக் கல்லூரிகளை எழுதுங்க. சென்னையில் இருப்பது பழைய கல்லூரி. புதுக்கோட்டைக் கல்லூரி 2023இல் திறக்கப்பட்டது. கடலூர் மாவட்ட அரசுப் பல் மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில் இருக்கிறது. அங்கே அரசுக் கல்லூரிக் கட்டணம் வேண்டுமென்று மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021இல்தான் கட்டணம் இறங்கியது.

அரசுக் கல்லூரி என்றால் கட்டணம் குறைவு என்பது மட்டுமல்ல. பல் மருத்துவம் கைவேலை. முதல் வருசம் மெழுகில் பல் செதுக்கணும். மூன்றாம் வருசத்திலிருந்து நோயாளியின் வாயில் வேலை. இத்தனை பல் பிடுங்கணும், இத்தனை பல் அடைக்கணும், இத்தனை பல்செட் செய்யணும் என்று கணக்கு உண்டு. நோயாளி வராத கல்லூரியில் கட்டடம் பளபளப்பாக இருக்கும், கை பழகாது. ஆகவே எந்தக் கல்லூரியாக இருந்தாலும் ஒரு நாள் காலையில் நேரில் போங்க. புறநோயாளிகள் வரிசையை எண்ணுங்க. எத்தனை நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கு என்று பாருங்க. விளம்பரத்தை விட அது உண்மை சொல்லும்.

அடுத்தது, சுயநிதிக் கல்லூரிகள். அங்கே அரசு ஒதுக்கீடு வேறு, நிர்வாக ஒதுக்கீடு வேறு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. "இப்ப சேருங்க, ஸ்காலர்ஷிப்பை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இடைத்தரகர் சொன்னால் எழுந்து வந்துடுங்க. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கலந்தாய்வு டெல்லி வழியாக நடக்குது. அங்கே சாதிவாரி இடஒதுக்கீடே இல்லை. பெயரைப் பார்த்து மயங்காதீங்க.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அந்த இடத்தில் சுயநிதிக் கல்லூரி கிடைத்தாலும் கட்டணத்தை அரசு ஏற்கிறது. முதல் கலந்தாய்வில், இந்த அறிவிப்பு வரும் முன்பே, பணம் கட்ட வழியில்லாமல் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள் உண்டு. ஆகவே காசுக்குப் பயந்து கல்லூரிப் பெயரை அடிக்கும் முன்பு அரசாணையைக் கேளுங்க.

கட்டணத்தோடு செலவு முடியாது. கருவிகள், புத்தகம், விடுதி, சாப்பாடு எல்லாம் இருக்கு. எவ்வளவு ஆகும், பயிற்சி வருசத்தில் உதவித்தொகை கையில் தருகிறார்களா என்று அங்கே படிக்கிற நம்ம பிள்ளைகளிடமே கேளுங்க. இன்னொன்றையும் கேளுங்க. விடுதியில் எப்படி நடத்துறாங்க? செய்முறைத் தேர்வில் சாதி பார்க்கிறாங்களா? இது வீண் பயமில்லை. டெல்லி எய்ம்ஸில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்படுவதை 2007இல் தோராட் குழு எழுதி வைத்திருக்கிறது. 2019இல் மும்பையில் பாயல் தத்வி என்ற பழங்குடி மருத்துவரை இழந்தோம். பயந்து ஒதுங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. துணை இருக்கிற இடம் எது என்று தெரிந்து போவதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக, பட்டியலை "எனக்கு எது கிடைக்கும்" என்று எழுதாதீங்க. "எனக்கு எது வேண்டும்" என்ற வரிசையில் எழுதுங்க. மேலே பெரிய கல்லூரியை எழுதியதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. தரவரிசைப்படி, மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவார்கள். எழுதாத கல்லூரிதான் கிடைக்காது.

சாதிச் சான்று, வருமானச் சான்றை இன்றைக்கே எடுத்து வையுங்க. பட்டியலை வீட்டில் பேசி முடிவு பண்ணி, தாளில் எழுதிக்கொண்டு பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருங்க. நம் தலைமுறையில் பலருக்குத் தேர்ந்தெடுக்க எதுவுமே இருந்ததில்லை. இப்போது இருக்கு. அதை இன்னொருத்தர் கையில் கொடுக்காதீங்க.

ஜெய் பீம்.