விலையைச் சொல்லிப் பாருங்க!

நடுவர் அவர்களே! பொருளை நாம் மதிப்பது தரத்தை வைத்தா, விலையை வைத்தா? எதிரணி நண்பர், 'நாக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது' என்றார். நாக்கு சொல்லாதுங்க ஐயா, மூளை சொல்லும்!

2008-இல் அமெரிக்காவில் பிளாஸ்மன், ரேஞ்சல் முதலானவர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 20 பேரை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்து, குழாய் வழியாகத் திராட்சை மது கொடுத்தார்கள். (ஆராய்ச்சிக்குங்க! நம்ம ஊர்லேர்ந்து யாரும் பேர் கொடுத்துடாதீங்க!) ஐந்து வகை என்றார்கள், இருந்தது மூணே வகை. ஒரே மதுவை 10 டாலர் என்றால் சுமார். 90 டாலர் என்றால் பிரமாதம்! வாய் மட்டும் சொல்லலை, மூளையில் இன்பத்தை அளக்கிற பகுதியும் கூடுதலா வேலை செஞ்சிருக்கு. சில வாரம் கழித்து விலை சொல்லாமல் கொடுத்தார்கள். அந்த வித்தியாசத்தையே காணோம்!

அவ்வளவு தூரம் எதுக்கு? நான் சிந்தாதிரிப்பேட்டைக்காரி. 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம். சின்னத் தறிப்பேட்டைதான் இப்படி ஆச்சுன்னு சொல்வாங்க. இன்னைக்கு எங்க பேட்டைன்னா மீன் மார்க்கெட். வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தா மத்தி வாங்குற மாமனாரைக் காட்டுங்க பார்ப்போம்! வஞ்சிரம்தான் வேணும். மத்தியில ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருக்குன்னு டாக்டருங்க சொல்றாங்க. ஆனா அது செஞ்ச குத்தம், மலிவா கிடைக்குது!

சிரிச்சாச்சு. மருந்துக்கு வாங்க.

எங்க தெருவில் ஒரு பெரியம்மா. ரத்தக்கொதிப்பு. பெரிய கம்பெனி மாத்திரை, கட்டுப்படியாகலை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறாங்க. மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008-இல் வந்தது. மாநில அரசின் முதல்வர் மருந்தகம் 2025-இல். அதே மருந்து, அதே மில்லிகிராம். டாக்டரும் மாத்திக்கலாம்னுட்டார். வாங்கிக் கொடுத்தேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இவ்ளோ மலிவா இருக்கே, இது கேக்குமாடி?"ன்னாங்க. என் கையிலேயே திருப்பிக் கொடுத்துட்டாங்க!

ஏன் மலிவு? பெயரைப் பரப்புற செலவு அதில் இல்லை. டாக்டர் வாசலில் பையோடு காத்திருக்கிற ரெப்ரசென்டேடிவ் சம்பளம் அதில் இல்லை. மருந்து இருக்கே, அது இருக்கு.

'மலிவு மருந்தில் மட்டமானது வந்ததே இல்லையா?' என்று எதிரணி கேட்கும். வந்திருக்குங்க. விலை உசந்ததிலும் வந்திருக்கு. அதைச் சோதிக்க வேண்டியது ஆய்வுக்கூடம். அட்டையில் அச்சடிச்ச விலை எப்படிச் சோதிக்கும்?

நடுவர் அவர்களே! தரம்தான் ஜெயிக்கும்னு நீங்க தீர்ப்பு சொன்னா எனக்கு வருத்தமே இல்லை. எதிரணி நண்பர் நாளைக்குக் காலையில எங்க தெருவுக்கு வரட்டும். அந்த அட்டையை நான் பத்திரமா வெச்சிருக்கேன். பெரியம்மாவை ஒரே ஒரு மாத்திரை போட வைக்கட்டும்.