முழங்காலுக்கு வேண்டியது ஓய்வா, உழைப்பா?

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

நம் பள்ளியின் பின்வரிசையில் நாற்காலிகள் கூடிக்கொண்டே வருகின்றன. இயலாதவர்க்கு அச்சலுகை உண்டு. அதனை நாம் குறைகூற முற்படவில்லை. நம் கவலை வேறு. முழங்கால் வலித்த நாள் முதல் நடையையே விட்டுவிட்டவர்கள் நம்மிடையே பலர். "தேய்மானம்" என்று கேட்டதும், நடந்தால் மேலும் தேயும் என அஞ்சுகிறார்கள். அச்சொல்லே நம்மைத் திசைதிருப்புகிறது. முழங்கால் என்ன, செருப்பின் அடித்தோலா?

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு உயிருள்ள திசு. சில மில்லிமீட்டர் தடிப்புடையது. அதில் பெரும்பகுதி நீர். இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. எனில் அதற்கு உணவு ஏது? மூட்டினுள் ஊறும் வழவழப்பான திரவமே உணவு. நாம் காலை ஊன்றும்போது அது அமுங்கி நீரைக் கசியவிடுகிறது. காலைத் தூக்கும்போது, பிழிந்துவிட்ட பஞ்சைப்போல் சத்துள்ள திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த அழுத்தத்தை உணர்ந்தே அதன் செல்கள் தம்மைச் சூழ்ந்த பொருளைப் பேணுகின்றன. முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால் அசைவற்றுப் போனவர்களைப் பரிசோதித்தபோது, சுமையற்ற அவர்களது குருத்தெலும்பு மெலிந்துபோயிருப்பது தெரியவந்தது.

2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத் தேய்வு உடையோரைக் கணக்கிட்டது. உடல்நலத்துக்காக ஓடுவோரில் 100க்கு 3.5 பேர், ஓடாதோரில் 10.2, போட்டிக்காக ஓடுவோரில் 13.3. வலி கண்டவர்கள் ஓட்டத்தைக் கைவிட்டிருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயினும், அளவான ஓட்டம் மூட்டைத் தின்றுவிடும் என்ற அச்சத்துக்கு இதில் இடமில்லை.

அளவு மீறிய சுமையோ உண்மையிலேயே கேடு. பழைய மூட்டுக் காயம், வளைந்த கால், மிகுந்த உடல் எடை ஆகியவை ஒரே இடத்தில் அழுத்தத்தைக் குவிக்கின்றன. இளமையில் நாள்தோறும் நெடுநேரம் குந்தி அமர்ந்தவர்களுக்கு முழங்கால் தேய்வு மிகுதி என, பீஜிங் முதியோரிடையே நடந்து 2004இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும் என்பது 2005இல் அமெரிக்காவில் அளந்து கண்டது. ஆயிரம் அடி நடப்பவருக்கு அது 4 டன்! அந்நாட்டின் ஃபிராமிங்ஹாம் நகரப் பெண்களிடையே, சுமார் 5 கிலோ குறைத்தவர்களுக்கு முழங்கால் தேய்வு வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்ததை 1992ஆம் ஆண்டின் ஆய்வு கூறுகிறது. விருந்துகளில் இரண்டாம் முறை பிரியாணி கேட்கும் நம்மவர்கள் இதைச் செவிமடுப்பார்களாக.

வலியுடையோர் சமதளத்தில் சிறிது தூரம் நடந்து, வாரந்தோறும் கூட்டிச் செல்லலாம். நடக்கையில் சற்றே வலித்து, மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. வலி நீடித்தால் தூரத்தைக் குறைக்க வேண்டும். தொடைத் தசை வலுப்பெற, நாற்காலியில் அமர்ந்தபடி காலை நேராக நீட்டிச் சில விநாடிகள் நிறுத்தி இறக்குவது எளிய பயிற்சி. மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, மடங்கிய கால் நீளாமல் சிக்கிக்கொண்டாலோ, அன்றே மருத்துவரை நாட வேண்டும்.