வெறும் பாத்திரம்

(மதுரையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



'நன்றி' என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள். கவிதை எழுதுகிறவன், ஏதாவது நயமாகச் சொல்லுவான் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடுதான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் எங்க அப்பத்தா. மேலூர்ப் பக்கம், பெரியாறு கால்வாய்த் தண்ணி பாயுற ஊர். எங்கள் தெருவில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தால், அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பிப் போகாது. அப்பத்தா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். நாலு நாள் ஆனாலும் சரி, உள்ளே போட ஒன்று கிடைக்கிற வரைக்கும் கொடுக்காது. ஒரு கை முருங்கைக்கீரை. ரெண்டு முட்டை. அவித்த பனங்கிழங்கு நாலு. வேலை வெட்டி இல்லாத அடைமழைக் காலத்தில் ஒரு கை கல் உப்பாவது போட்டுத்தான் கொடுக்கும். "வெறும் பாத்திரத்த எப்பிடிய்யா நீட்டுறது? கை கூசாதா?" என்று கேட்கும். எங்கம்மா இன்றைக்கும் அப்படித்தான். பிரசவம் பார்த்த கிழவிக்கு ஒரு படி அரிசியும் வெத்தலை பாக்கும், ஆஸ்பத்திரியில் கூடவே ராத்திரி முழித்திருந்தவளுக்கு ஒரு கொட்டான் மொச்சை என்று எங்கள் வீட்டுக் கணக்கு நீளும். 'நன்றி' என்ற வார்த்தையை மட்டும் அப்பத்தா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நம் தெருக்களில் யார் சொன்னார்கள்? 'நன்றி, மீண்டும் வருக' என்று கடைப் பலகையில் எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பழக்கம் எங்கள் தெருவைத் தாண்டாது. தாண்ட விடவில்லை. அப்பத்தா இளவட்டமா இருந்தப்போ ஊருக்குள் ஒரு பெரிய வீட்டில் சாணி அள்ளி, தொழுவம் கூட்டிப் போட்டிருக்கிறது. மத்தியானம் கஞ்சி. கொல்லைப்புறத்தில் இது சட்டியை ஏந்திக்கொண்டு நிற்கணும். அவர்கள் மேலேயிருந்து ஊற்றுவார்கள். சட்டியும் சட்டியும் பட்டுவிடக் கூடாது, அதனால் உயரத்திலிருந்து. கஞ்சி தெறித்து முழங்கை எல்லாம் ஆகும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சட்டி அப்பத்தாவுடையது. அவர்கள் வீட்டுப் பாத்திரம் ஒருநாளும் கைமாறி எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. வராத பாத்திரத்தில் எதைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பது?

அப்படியானால் நம்மிடமிருந்து அவர்கள் எதுவுமே வாங்கவில்லையா? வாங்கினார்கள். பொங்கலுக்கு முதல் பூசணிக்காய், ஒரு சேவல், புதுச் சொளகு எல்லாம் போய் வாசலில் இறங்கணும். கேதம் சொல்ல ஓடணும், பறையடிக்கணும். பூசணிக்காய்க்குத் தீட்டு இல்லை, சேவலுக்கும் இல்லை. அதை அறுத்து நாம் குழம்பு வைத்தால் தீட்டு வந்துவிடும். "நம்ம கோழி அவுக வாசல் வரைக்கும் போகும்டா, நம்ம கோழிக்கொழம்பு போகாது" என்று அப்பத்தா சிரித்துக்கொண்டே சொல்லும். சாதியைப் பற்றி நான் வாசித்த எத்தனையோ கட்டுரைகளில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

களத்துமேட்டுக்கு வாருங்கள். அறுவடை முடிந்து பொலி அளக்கும்போது ஊருக்கு உழைத்த கைகளுக்கு நெல் அளந்து போடுவார்கள். கமலைக்குத் தோல் தைத்துக் கொடுத்த அருந்ததியருக்கு, பறையடித்தவருக்கு, மடை பார்த்தவருக்கு, துணி வெளுத்தவருக்கு. அந்த நெல்லுக்குப் பேர் என்ன தெரியுமா? 'சுதந்திரம்'. வெள்ளைக்காரன் காலத்து வருவாய்த்துறைக் காகிதங்களிலும் இந்தச் சொல் இருக்கிறது. விளைச்சலில் பாத்தியதைப்பட்ட பங்கு என்று பொருள். வருஷம் பூராவும் வேலை வாங்கிவிட்டுக் கடைசியில் கொடுக்கிற கூலி அது. ஆனால் களத்தில் அது எப்படி வந்தது? அய்யா மனசு வைக்கணும், கண்ணைக் காட்டணும், கருக்காயோடு சேர்த்து அளந்து போடணும். வாங்கினவர் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிடணும். சொல் உரிமையைச் சொல்கிறது, உடம்பு பிச்சை வாங்குகிறது. கூலி தானமாக மாறுகிற இடம் இதுதான். கூலியைத் தானமாக மாற்றிவிட்டால் அப்புறம் நன்றியைக் கேட்கலாம் பாருங்கள். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நமக்கே பழமொழி சொல்வார்கள். நாற்று நட்டவள் யார், உப்பிட்டவன் யார் என்று அந்தப் பழமொழியிடம் யாரும் கேட்பதில்லை. வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கினார், பதினோராம் அதிகாரம். அவரோடு எனக்குச் சண்டை இல்லை. செய்தது யார் என்பதில்தான் எனக்கும் ஊருக்கும் வழக்கு.

இந்த ஊரிலேயே இன்னொன்று. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் தலைமையில் கக்கன் முதலானோர் மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். கதவைத் திறந்துவிட்டதற்காக இன்றைக்கும் நம்மிடம் நன்றி எதிர்பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் அதை அடைத்து வைத்திருந்தது யார் என்ற பேச்சே வருவதில்லை.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அயர்லாந்து விடுதலைத் தலைவர் டேனியல் ஓ'கானல் சொன்ன ஒரு கருத்தை எடுத்துக்காட்டினார். தன்மானத்தை விலையாகக் கொடுத்து எந்த மனிதனும் நன்றி காட்ட முடியாது என்பது அதில் ஒரு பகுதி. வாழ்நாள் முழுக்க நாட்டுக்கு உழைத்தவர்களுக்கு நன்றியோடு இருப்பதில் தப்பில்லை, ஆனால் அதற்கு ஒரு எல்லை இருக்கிறது என்றார் பாபாசாகேப். தலைவர்களைக் கும்பிடும் அரசியலைப் பற்றித்தான் அவர் அங்கே பேசினார். எனக்கோ அதை வாசிக்கும்போதெல்லாம் உசிலம்பட்டிப் பக்கம்தான் ஞாபகம் வரும். 1996-லிருந்து 2006 வரை பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் என்ன நடந்தது? தனித்தொகுதி ஊராட்சி. ஒன்று, யாரும் மனு போடக்கூடாது. இல்லையென்றால் ஊர் நிறுத்துகிற நம் ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதித் தரணும். பதவியைக்கூடப் பூசணிக்காய் மாதிரி வாசலில் இறக்கிவிட்டுப் போகச் சொன்னார்கள். பத்து வருஷம். அப்படி இறக்கி வைக்காத மேலவளவு முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அப்போது நான் சின்னப் பையன். எங்கள் தெருவில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை.

இதுவரைக்கும் கைதட்டினீர்கள். இனிமேல் சொல்வதற்குத் தட்டுவீர்களா, தெரியாது.

அப்பத்தாவின் பாத்திரக் கணக்கில் ஒரு வீடு விட்டுப்போயிருந்தது. எங்கள் துணியை வெளுத்த புதிரை வண்ணார் வீடு. அந்தக் கிழவி பொழுது சாய்ந்த பிறகு ராச்சோறு வாங்க வரும். வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுக்கும். அப்பத்தா சோற்றை எடுத்துக்கொண்டு போய்ப் போடும். எதில்? அந்தக் கிழவி கொண்டு வந்த சட்டியில். எப்படி? கொஞ்சம் மேலேயிருந்து. எங்கள் வீட்டுக் கிண்ணம் எதுவும் அந்தப் பக்கம் போனதில்லை, அதனால் திரும்பி வந்ததும் இல்லை. முழங்கையில் கஞ்சி தெறித்த அதே அப்பத்தா! 1994-ல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது, நம்மை நாமே காட்டிக்கொடுக்கிற எழுத்து என்று கோபப்பட்டவர்கள் உண்டு. நான் அதைக் கல்லூரியில் படிக்கும்போதுதான் வாசித்தேன். கோபம் வரவில்லை. எங்கள் வாசல்தான் தெரிந்தது.

என் கதையும் இருக்கிறது. நான் வங்கியில் கிளார்க். "கோட்டாவுல வந்தவன், நன்றியோட இருக்கணும்" என்று காதில் விழுகிற மாதிரி பேசுவார்கள். பரீட்சை எழுதி வந்த வேலைக்கு யாரைக் கும்பிடுவது? சரி, அதை விடுங்கள். கவுண்டருக்கு வருகிற பெண்களைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 15-லிருந்து வருகிற ஆயிரம் ரூபாய்க்கு அரசாங்கமே 'மகளிர் உரிமைத் தொகை' என்று பேர் வைத்திருக்கிறது. பேரில் உரிமை இருக்கிறது. வாங்குகிறவர்களோ இன்னமும் "அய்யா குடுத்த காசு வந்துருச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். களத்து நெல் மாதிரியேதான்.

அப்படி வருகிற ஒரு கிழவி. முதியோர் பணம் எடுக்க மாசாமாசம் வரும். எழுதத் தெரியாது, நான் சீட்டு எழுதிக் கொடுப்பேன். ஒருநாள் மஞ்சப்பையில் ஆறு முருங்கைக்காய் கொண்டு வந்து கவுண்டரில் வைத்தது. வாங்கக் கூடாது என்பது விதி. "அதெல்லாம் வேணாம் ஆத்தா, எடுத்துட்டுப் போங்க" என்று தள்ளிவிட்டேன். நல்லவனாக நடந்துகொண்டதாக நினைப்பு. அடுத்த ரெண்டு மாசம் அது என் கவுண்டருக்கு வரவில்லை, பக்கத்து வரிசையில் போய் நின்றது. வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது: "அப்ப நீயும் ஒசரத்துல இருந்து ஊத்துற ஆளாயிட்டியா?"

மூன்றாம் மாசம் நானே எழுந்து போய் அழைத்து வந்தேன். பை இருந்தது, காய் இருந்தது, வாங்கிக்கொண்டேன். விதியை மீறினேன், மேலதிகாரி யாராவது இங்கே இருந்தால் குறித்துக்கொள்ளட்டும். மறுமுறை அம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவில் பணியாரம் வைத்து அனுப்பியது. கிழவிக்கு ஒரே சந்தோஷம். மடியில் வைத்துக்கொண்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றது. ஊர் சொன்னேன். "ஊருக்குள்ள எங்க?" இந்தக் கேள்வி எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவைச் சொன்னேன். அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. டப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மூடியை அழுத்திப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனது.

மூணு மாசம் ஆகிறது. கிழவி வருகிறது, சீட்டு எழுதச் சொல்கிறது, பணம் வாங்கிக்கொண்டு போகிறது. டப்பா இன்னும் வரவில்லை. எங்கேயோ தூக்கிப் போட்டிருக்கலாம். உள்ளே போட ஒன்றும் கிடைக்காமல் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருக்கலாம். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அம்மாதான் தினமும் சாயங்காலம் கேட்கிறது: "என் டப்பா எங்கடா?"