இரண்டரை ஷில்லிங்கும் சாகாத ஆடும்



1875-இல் லண்டனின் ஸ்விஸ் காட்டேஜ் வயல்வெளியைக் காப்பாற்ற ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி ஊரெல்லாம் பணம் திரட்டினார். பணம் வந்தது, நிலம் வரவில்லை. அங்கே வீடுகள் எழும்பின. நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் ஓர் அமைப்பு வேண்டும் என்றார் அவருடைய நண்பர், வழக்கறிஞர் ராபர்ட் ஹன்டர். அப்படிப் பிறந்ததுதான் 1895-இல் நேஷனல் டிரஸ்ட். முதலில் கிடைத்தது வேல்ஸில் நாலரை ஏக்கர் பாறைச்சரிவு.

1902-இல் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் 108 ஏக்கரை வாங்க 6,500 பவுண்டு தேவைப்பட்டது. ஷெஃபீல்டிலிருந்து ஓர் ஆலைத் தொழிலாளி இரண்டரை ஷில்லிங் அனுப்பினார். அந்த ஏரியைப் பார்க்கும் ஆசை தனக்கு இனி நிறைவேறாது, மற்றவர்களுக்காவது அது இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். பெரிய தொகை தந்தவர்களைவிட இவர்தான் எனக்கு நினைவில் நிற்கிறார்.

1907-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிலங்களுக்குப் பூட்டுப் போட்டது. விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. சிவன் சொத்து குலநாசம் என்று நாம் சொல்வதை அவர்கள் சட்டமாக எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் வாங்கினால் மட்டும் போதுமா? திறப்பு விழாவுக்கு எல்லாரும் வருவார்கள். சரிந்த வேலியைக் கட்டத்தான் ஆள் கிடைக்காது. தொடர்ந்து பராமரிக்க நம்மிடம் ஒரு வழி இருந்தது. சோழர் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு அணையாமல் எரிய, நெய்க்காக 96 ஆடு விட்டார்கள். ஆடு சாகும், குட்டி போடும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. கல்வெட்டு அதைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கிறது. பீட்டர் ராபிட் கதை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் 1943-இல் இறந்தபோது, அவருடைய 4,000 ஏக்கருக்கும் மேலான நிலம் டிரஸ்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பண்ணைகளோடு ஹெர்ட்விக் ஆட்டு மந்தைகளும் தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்த மலைப்பண்ணைகளில் மந்தை நிலத்தோடு சேர்ந்தது. குத்தகைக்காரர் வெளியேறும்போது, வந்த நாளில் எண்ணி வாங்கிய அளவு ஆட்டை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தஞ்சாவூர்க் கணக்கு அங்கே எப்படிப் போனது என்று வியந்திருக்கிறேன்!

பட்டதாரிகளே, நம் ஊர்ப் பொது நிலத்துக்கும் இப்படிக் காவல் வேண்டும். திங்கட்கிழமை உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். நீங்கள் விளையாடிய மந்தைவெளி இன்று யார் பெயரில் இருக்கிறது என்று ‘அ’ பதிவேட்டில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.